உறை பிரியாத இசைத்தட்டு

“என்ன விலை?”

“நாலாயிரத்து இருநூறு.”

“ஒருமுறை சுழல விடுங்களேன், கேட்போம்.”

“ஐயையோ! மேலுறையைக் கிழித்தால் விலை பாதியாகிவிடுமே!”

இந்த உரையாடல் நடந்தது கடைத்தெருவில் அல்ல. ஓசூரில், பாகலூர் சாலைப் பக்கம், நம் கல்லூரித் தோழர் ஒருவர் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில். தோழர் பொறியாளர். தொழிற்பேட்டையிலே நல்ல வேலை, நல்ல சம்பளம், அதனினும் நல்ல உள்ளம். நாமோ பள்ளி ஆசிரியர். நாலாயிரத்து இருநூறு என்ற எண்ணைக் கேட்டதும் நம் மனம் மாதக் கடைசியை நினைத்தது என்பதை மறைப்பானேன்! ஆயினும் நம்மைத் திகைக்க வைத்தது விலை அல்ல. சுவர் முழுதும் தேக்குப் பலகை. பலகை மீது வரிசை வரிசையாக இசைத்தட்டுகள். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு சிறு விளக்கு. துடைக்க ஒரு மெல்லிய துணி, தொடுவதற்கு ஒரு வெள்ளைக் கையுறை. இளையராஜாவின் இசை தாங்கிய ‘எக்கோ’ தட்டுகள் இருந்தன. கடல் கடந்து வந்த ஆங்கிலத் தட்டுகள் இருந்தன. சுழற்றிக் கேட்கும் கருவி? அதுதான் இல்லை. “அடுத்த ஆண்டு வாங்கலாம் என்றிருக்கிறேன்” என்றார் தோழர்.

கருவறைக் கதவாவது காலையும் மாலையும் திறக்கப்படுகிறது. மூர்த்திக்கு ஆண்டுக்கு ஒருமுறை தேரிலே ஊர்வலமும் உண்டு. நம் தோழர் வீட்டுத் தெய்வங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை! இதை நாம் வாய்விட்டுச் சொன்னோம். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, “உனக்கு எதைப் பார்த்தாலும் பூசையறை ஞாபகம்தான்” என்றார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

தோழரைத் தனியாகக் குற்றம் சொல்வதற்கில்லை. இது உலகெங்கும் பரவியுள்ள ஆர்வம். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு 4 கோடியே 10 லட்சம் இசைத்தட்டுகள் விற்றன. குறுந்தகடுகள் விற்றவை 3 கோடியே 30 லட்சம். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதன்முறை. வேடிக்கை என்னவென்றால், அந்நாட்டில் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் என்னும் நிறுவனம், தட்டு வாங்குவோரில் பாதிப்பேரிடம்தான் அதைச் சுழற்றும் கருவி இருக்கிறது என்று 2023இல் அறிவித்தது. மறுபாதி? நம் பாகலூர் சாலைத் தோழரின் உறவினர்கள்! இந்தியாவில் 1990களில் ஏறத்தாழ நின்றே போன தட்டு அச்சிடும் தொழிலும், 2024இல் மும்பைப் பக்கம் ஒரு புதிய ஆலை வழியே மறுபடி மூச்சுவிடத் தொடங்கியிருக்கிறது.

ஏன் இந்த ஆசை? அதிலும் இந்த ஊரிலே ஏன்? எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர், எதிர்காலத்தைச் செய்து அனுப்பும் ஊராகவே இருந்து வருகிறது. லாரியும் இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் செய்தது. இப்போது ஓசூரை அடுத்த திம்ஜேப்பள்ளியிலே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில், ஐபோனின் உடற்கூடு உருவாகிறது. நம்மிடம் படித்த பெண்கள் சிலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். இரவு முறை முடிந்து பேருந்தில் திரும்பும்போது ஆளுக்கொரு காதுக்கருவியில் ஆளுக்கொரு பாட்டு. உலகத்துப் பாட்டெல்லாம் கட்டைவிரல் நுனியில்! இசைத்தட்டை விழுங்கிய கருவியின் உறுப்பு உருவாகிற அதே மண்ணிலே, ஒரு பொறியாளர் ஞாயிறுதோறும் ஜுஜுவாடி எல்லை தாண்டி, அத்திப்பள்ளி கடந்து, பெங்களூருக்குப் போய்ப் பழைய தட்டுத் தேடுகிறார்.

காரணம் கேட்டோம். தோழர் இரண்டு காரணம் சொன்னார். ஒன்று மெய். மற்றது மெய்போலத் தோன்றுவது.

“கைப்பேசியிலே கோடிப் பாட்டு இருக்கிறது. அதில் ஒன்றும் என்னுடையது அல்ல” என்றார். இது மெய். மறுப்பதற்கில்லை. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் இசை, குடக்கூலி வீடு. வீட்டுக்காரர் பூட்டினால் வாசலில் நிற்க வேண்டியதுதான். 2024ஆம் ஆண்டு ஏர்டெல் நிறுவனம் தன் ‘விங்க்’ இசைச் செயலியை மூடுவதாக அறிவித்தது. அதிலே ஆண்டுக்கணக்காகத் தேடித் தேடிப் பட்டியலிட்டு வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! 2019இல் ‘மைஸ்பேஸ்’ என்னும் தளம், தன்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாடல்கள் அழிந்துபோயின என்று ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிப் பாடல்கள் என்று கணக்கிட்டார்கள். தீயும் வெள்ளமும் வந்து அழிக்கவில்லை; கணிப்பொறிகளை மாற்றும்போது தொலைந்தன! இப்படிப்பட்ட காலத்தில், ‘இது என் வீட்டில் இருக்கிறது, இதை எவரும் எங்கிருந்தோ விசையைத் தட்டிப் பறிக்க முடியாது’ என்று ஒருவன் ஒரு பொருளைக் கையில் பிடிக்க விரும்பினால், அதை மூடத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். உடைமை உணர்ச்சியிலே எல்லாமே பேராசை அல்ல.

இரண்டாவது காரணம்: “தட்டிலே உயிர் இருக்கிறது. எண்களாக மாற்றிய இசையில் உயிர் இல்லை.”

உயிர்! இந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்குச் சற்று எச்சரிக்கை பிறக்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவியால் அளக்க முடியாது, ஆனால் நம்பியவனுக்குத் தெரியும் என்று சொல்லப்படும் பொருள் எதுவாயினும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது நம் பழக்கம். பார்ப்போமே!

தட்டில் இருப்பது வெளியிலிருந்து உள்நோக்கிச் சுருளும் ஒரே ஒரு நீண்ட பள்ளக் கோடு. அந்தக் கோட்டின் நெளிவே ஒலி. ஊசி அந்த நெளிவிலே ஓடி அதிர்கிறது. அந்த அதிர்வு மின்னாகி, மறுபடி ஒலியாகிறது. அழகான ஏற்பாடு, ஐயமில்லை. ஆனால் குறையற்றதா? தாழ்ந்த ஒலியை உள்ளது உள்ளபடி வெட்டினால் நெளிவு அகன்று அடுத்த கோட்டை இடித்துவிடும். ஆகவே வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். வீட்டிலுள்ள கருவி அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. இதற்கென ஒரு பொது அளவையே 1954இல் அமெரிக்காவில் வகுத்தார்கள். ஊசி நடுவட்டத்தை நெருங்க நெருங்க, ஒரு சுற்றில் அது கடக்கும் தூரம் குறைகிறது. கடைசிப் பாட்டிலே கூர்மை மங்குகிறது. எண்முறைப் பதிவோ நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதுகிறது. மனிதக் காது கேட்கக்கூடிய எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு. அந்த எல்லைக்குள் இருப்பதைத் திருப்பித் தர அந்த அளவு போதும் என்பது கணக்கு. கருத்து வேறுபாட்டுக்குரிய செய்தி அல்ல.

கணக்கு வேண்டாம், காதே சாட்சி என்பாருக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ‘மொபைல் ஃபிடெலிட்டி’ என்றொரு நிறுவனம். எண்முறை என்னும் தீட்டு எங்கும் படாமல், மூல நாடாவிலிருந்தே வெட்டப்பட்டவை இதன் தட்டுகள் என்று நம்பி, ஆர்வலர் அள்ளிக் கொடுத்து வாங்கினார்கள். 2022 ஜூலையில் உண்மை வெளிப்பட்டது. 2011 முதலே அந்நிறுவனத்தின் தட்டுகள் பல எண்முறைப் படியின் வழியாகவே வந்தவை! பதினோராண்டுக் காலம், எண்முறையின் வாடை பட்டாலே எங்கள் காது சுருங்கும் என்ற அறிஞர்கள் அந்தத் தட்டுகளைப் போற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். எவர் காதும் சுருங்கவில்லை. கங்கை நீரென்று கிணற்று நீரைக் கொடுத்தபோதும் பாவம் கழிந்ததாகச் சொன்னவர் கதைதான்!

அப்படியானால் தட்டு தரும் இதம் பொய்யா? பொய் அல்ல. மெல்லிய இரைச்சல், சிறு கீறலின் சடசடப்பு, ஊசி இறங்கும் ஓசை, பக்கம் முடிந்தால் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து ஓர் இதம் தருகின்றன. பாட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்கும் விரலுக்கு ஒரு கடிவாளம் விழுகிறது, அமர்ந்து கேட்கிறோம். குறைகளால் பிறந்த இதம் அது. இதமாக இருக்கிறது என்று சொல்லி மகிழ்வது சுவை. இதிலேதான் உண்மை இருக்கிறது, மற்றதெல்லாம் மாயை என்று சொல்வது மதம்.

ஆனால் தோழர் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. இசைத்தட்டின் மேல் நமக்குள்ள மதிப்பெல்லாம் அதில்தான். தட்டு ஒரு சாட்சி.

கோயம்புத்தூர் தாயி என்றொரு பாடகி இருந்தார். 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். கிராமபோன் நம் நாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்திலேயே அவர் குரல் தட்டில் ஏறிற்று. அவர் பாடிய தட்டுகளில் ஒன்று வள்ளலாரின் அருட்பா. 1912இல் இந்தியா வந்த மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர் தாயியின் குரலிலே மனம் பறிகொடுத்தார். ஊர் திரும்பிக் குரலுக்கும் பியானோவுக்குமாக ‘ராகமாலிகை’ என்றொரு படைப்பு எழுதினார். அது தாயியின் அந்த அருட்பாத் தட்டின் அடியொற்றி எழுந்தது என்பதை, நெடுங்காலத்துக்குப் பின் ஜான் பாஸ்லர் என்னும் ஆய்வாளர் தட்டையும் இசைக்குறிப்பையும் ஒப்பிட்டு எடுத்துக்காட்டினார். சாதி வேண்டாம், மதச் சண்டை வேண்டாம் என்ற வடலூர்க் குரல், ஒரு தேவதாசியின் தொண்டை வழியே, பாரிஸ் நகரத்துப் பியானோவுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது! தட்டு இல்லையென்றால் இதை எவர் நம்புவர்? டெலாஜின் தனிக் கற்பனை என்றே உலகம் எழுதி வைத்திருக்கும்.

சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்தக் காலத் தட்டுகளின் மேல் ஊர்ப்பெயரோடு அச்சான பெண்கள் இன்னும் பலர். 1902 நவம்பரில் கல்கத்தாவிலே பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் முன் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்திலே தானே உரக்கச் சொல்வார். பதிவான மூலம் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய்த்தான் தட்டாகி வரவேண்டும். அங்குள்ள தொழிலாளிக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டாமா? வணிகத் தேவைக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆயினும், பெண்ணின் பெயரைச் சபையில் சொல்வதே கேவலம் என்றிருந்த நாட்டில், ஒரு பெண் தன் பெயரைத் தானே அறிவித்த குரல் இன்றும் அந்தக் கோட்டில் இருக்கிறது.

1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்தது நன்று, அந்தக் கொடுமை ஒழிந்தது நன்றினும் நன்று. ஆனால் கொடுமையை ஒழிக்கிறோம் என்ற பேரொலிக்கு நடுவே, கலை மட்டும் கைமாறிப்போனதும், பாடிக் காத்தவர்களின் பெயர் மறைந்து ‘எங்கள் மரபு’ என்று வேறு சிலர் மேடை ஏறியதும் வரலாறு. அந்த வரலாற்றில் யார் முதலில் பாடினார் என்பதற்குத் தட்டைவிட வலிய சான்று ஏது? அதிலே குரலும் இருக்கிறது, பெயரும் அச்சாகியிருக்கிறது.

நாகசுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வீதியிலே வாசிக்கப்பட்ட கருவி. அந்த வீதியிலே நடக்கவும் உரிமையற்றவர் ஒரு பெருங்கூட்டம். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்தது 1939இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாகசுரம் தட்டில் ஏறிவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு, அதைச் சுழற்றும் கருவி இருந்த இடமெல்லாம் போயிற்று. தேநீர்க் கடையில் சுழன்ற தட்டு, கேட்பவன் குலம் கேட்கவில்லை. சீர்திருத்தம் செய்யவேண்டும் என்று கிராமபோன் கம்பெனி கிளம்பவில்லை என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது காசு. அந்தக் காசுக்காகவே நாடகப் பாட்டையும் தமிழ்ப் பாட்டையும் தேடிப் பிடித்துப் பதிந்தார்கள். சபைகளில் தமிழ் துக்கடாவாகக் கடைசியில் வந்த காலத்தில், கொடுமுடி சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் பாடிய தமிழ், தட்டுகளிலே ஊர் ஊராகச் சென்றது. மூன்று மூன்றரை நிமிடத்துக்குள் பாட்டை முடிக்க வேண்டிய கட்டாயம், மணிக்கணக்கில் நீண்ட ஆலாபனையைச் சுருக்கியது. அது இசைக்கு ஆதாயமா நட்டமா என்று வித்துவான்கள் வாதிடட்டும்.

இந்தச் சாட்சியைப் போற்றித் திரட்டுவோர் உண்டு. 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சாந்த்வன்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய தட்டுகளை ஆயிரக்கணக்கில் எண்முறைப்படுத்தினார். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் சன்னி மாத்யூ, தாம் சேர்த்த கிராமபோன்களையும் தட்டுகளையும் 2015இல் பொருட்காட்சிச் சாலையாகவே திறந்து வைத்தார். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் புத்தகத்தோடு இசைத்தட்டையும் சேர்த்துக் காக்கிறது. இவர்களுக்கும் ஆசை உண்டு, அலைச்சல் உண்டு, ஒரு தட்டுக்காக ஊர் ஊராகத் திரியும் பித்தும் உண்டு. ஆனால் கிடைத்ததைச் சுழல விட்டார்கள். பிறர் கேட்க வழி செய்தார்கள்.

பித்து நம் வட்டத்திலும் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் நாகூர் ஹனிபாவின் கழகப் பாடல் தட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்து மாலை சூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பழுத்த பகுத்தறிவாளர். “இதை எடுத்து ஒருமுறை போடலாமா?” என்றோம். அவர் முகத்திலே எழுந்த அதிர்ச்சியை எந்தப் பூசாரி முகத்திலும் நாம் கண்டதில்லை!

இனி, இதையெல்லாம் நம்மை எழுத வைத்த பெட்டிக்கு வருவோம்.

கெலமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே எழுபது கடந்த மைக் செட்காரர் ஒருவர். அவர் பேத்தி நம் வகுப்பில் படிக்கிறாள். “வாத்தியாரே, தாத்தா வீட்டு ரெக்கார்டுகளை வாங்க ஆள் வந்திருக்கிறது” என்று அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு, ஒரு மாலை போனோம். பொறியாளர் தோழரையும் இழுத்துக்கொண்டு.

தகரப் பெட்டி ஒன்று. திறந்தார் பெரியவர். மேலே பாதி, வினைல் தட்டுகள். திருவிளையாடல் கதைவசனம் இருந்தது. ‘விதி’ வசனம் இருந்தது. 1984இல் அந்தப் படம் வந்த பிறகு எந்தத் திருமணப் பந்தலில்தான் அந்த நீதிமன்றக் காட்சி ஒலிக்கவில்லை! தன் முதலாளியிடமிருந்து வந்ததாகப் பெரியவர் காட்டிய கீழ்ப் பாதி, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டுகள். சோட்டா நாகபுரிக் காடுகளிலே பழங்குடி மக்கள் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த பூச்சிப் பிசின்தான் அந்த அரக்கு. கையிலிருந்து நழுவினால் அப்பளம்! ஏழெட்டு ஏற்கெனவே அப்பளமாகித்தான் இருந்தன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழியும் அந்த ஒரே பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

“எல்லைப்புறத்து ஊர் தம்பி. பெண் வீடு கன்னடம், மாப்பிள்ளை வீடு தெலுங்கு, சமையல்காரர் தமிழ். ஒரே மொழியில் போட்டால் பந்தலில் சண்டை வரும்” என்றார் பெரியவர். பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். “குழாயை மரத்து உச்சியில் கட்டுவேன். ஊர்ப் பெரியவர் வந்து, சேரிப் பக்கம் திருப்பாதே என்பார். சரி என்று திருப்பிவிட்டு இறங்குவேன். காற்று அடிக்கிற திசைக்கு நான் என்ன செய்வேன்? பாட்டு போகிற இடத்துக்குப் போகும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஐம்பதாண்டுக் கணக்கு இருந்தது.

வாங்க வந்தவர் பெங்களூர் வியாபாரி. பெட்டி முழுமைக்கும் பதினைந்தாயிரம் தருவதாகப் பேச்சு. அவருக்கு வேண்டியது மேற்பாதி. கீழ்ப் பாதியை எடை போட்டுத் தள்ளிவிடுவார் அல்லது உணவு விடுதிச் சுவரிலே ஆணி அடித்து மாட்டுவார். நகரங்களில் அப்படி மாட்டியிருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். காப்பி குடிப்பவன் தலைக்கு மேலே யார் குரலோ ஆணியில் தொங்கும்!

விற்காதீர்கள் என்று நாம் சொல்லலாமா? பெரியவருக்குப் பேத்தியின் படிப்புச் செலவு இருக்கிறது. மகள் ஆலையில் முறைவேலை பார்க்கிறாள். பண்பாட்டைக் காப்பாற்றுங்கள் என்று பசித்தவனிடம் உபதேசம் செய்யும் பெருமக்கள் வரிசையில் நாம் நிற்க விரும்பவில்லை. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கூழாங்கல்லுக்கும் கணக்கு வைக்கும் அலுவலகம் உண்டு. மாங்காய்க்கு மண்டி உண்டு. ரோசாப்பூவுக்குக் குளிரூட்டிய அறை உண்டு. மூன்று தலைமுறை கேட்ட குரலை நகலெடுத்து வைத்து, வந்தவர் கேட்க ஒரு மேசையும் ஒரு காதுக்கருவியும் தரும் இடம், நூலகத்திலே ஒரு மூலை, கேட்டால் அதிகமா? சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஒலிப்பதிவு ஒன்று வெளியாகி 60 ஆண்டு கடந்தால் அந்தப் பதிவின் மேல் உள்ள உரிமை முடிகிறது. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. நாடகத் தட்டுகள் பெரும்பாலும் அந்த எல்லையைக் கடந்து கிடக்கின்றன. நகலெடுக்க வேண்டிய கருவி எது? பெரியவரின் மகள் வேலை பார்க்கும் ஆலையில் கூடு செய்கிறார்களே, அந்தக் கைப்பேசியே முதல் வேலைக்குப் போதும். தட்டைக் கொன்றது என்று நாம் பழித்த எண்முறைதான் தட்டில் இருப்பதைக் காக்கவும் வேண்டியிருக்கிறது.

“இரண்டு வாரம் பொறுங்கள் அய்யா. விற்பதற்கு முன்னால் பெயரையாவது எழுதிக்கொள்கிறோம்” என்றோம். பெரியவர் யோசித்தார். “எழுதிக்கொண்டு என்ன செய்வீர்கள்?” “பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.” “காட்டுவது இருக்கட்டும். கேட்க வைப்பீர்களா?” அந்தக் கேள்வி நம்மைவிடத் தோழரைத்தான் அதிகம் சுட்டது என்று நினைக்கிறோம். திரும்பும் வழியில் அவர் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை நம் மாணவர் எட்டுப் பேர் பெட்டியைச் சுற்றி அமர்ந்தார்கள். தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளைப் படித்து, பாடியவர், பாட்டு, கம்பெனி, எண் என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் எழுதினார்கள். கன்னட எழுத்தை ஒரு பையன் படித்தான். தெலுங்கை இருவர் படித்தார்கள். உருதுத் தட்டுகளுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். மாலைக்குள் 143 தட்டு ஆயிற்று. அதில் 31இல் தாள் கிழிந்து பெயரே இல்லை. கேட்டால்தான் யாரென்று தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் தோழர் வந்தார். தோளில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெங்களூரில் அன்று காலை வாங்கிய புத்தம் புதிய சுழற்கருவி! ‘அடுத்த ஆண்டு’ ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பெருமையோடு பெட்டியைப் பிரித்து, பெயர் தெரியாத அரக்குத் தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பெரியவர் எட்டிப் பார்த்தார். “இதில் 33 இருக்கிறது, 45 இருக்கிறது. 78 எங்கே தம்பி?” என்றார். 78 இல்லை. இன்று விற்கும் கருவிகள் பலவற்றில் இருப்பதில்லையாம். தோழர் முகம் போன போக்கைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், துணி சுற்றிய பழைய மின்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். அதிலே 78 உண்டு. ஆனால் தட்டைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரம் காய்ந்து வெடித்திருந்தது. அரக்குத் தட்டுக்குரிய தடித்த ஊசியும் இல்லை.

அன்று கேட்டது ஒரே ஒரு தட்டு. புதிய கருவியிலே, பெட்டியின் மேற்பாதியிலிருந்து எடுத்த திருவிளையாடல். பிள்ளைகளுக்கு அதில் வந்த வசனம் பாதி மனப்பாடம், பெரியவருக்கு முழுதும். புராணக் கதைதான், நமக்கு அதில் சொல்ல நிறைய உண்டு, இன்னொரு நாள் சொல்வோம். பக்கம் முடிந்ததும் ஒரு பெண் ஓடிப்போய்த் தட்டைத் திருப்பி வைத்தாள், விளிம்பை மட்டும் பிடித்து. எவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வியாபாரியின் கெடு இன்னும் ஆறு நாள். பெரியவர் கீழ்ப் பாதியை மட்டும் தனியே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். மேற்பாதிக்குப் பன்னிரண்டாயிரம் பேசிப் பார்க்கிறாராம். ரப்பர்ச் சக்கரமும் ஊசியும் தேடி ஞாயிற்றுக்கிழமை நாம் பெங்களூர் போகிறோம். வண்டி தோழருடையது. பெயரில்லாத 31 தட்டுகளின் எண்ணை மட்டும் தனித்தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.